தொண்ணூறு மில்லி

என் வேலையைப் பற்றி வீட்டில் அதிகம் பேசுவதில்லை.
பந்தயம் முடிந்ததும்
சைக்கிளிலிருந்து இறங்கியவன் பின்னாலேயே போய்
அவன் சிறுநீர் பெய்வதைப் பார்க்க வேண்டும்.
முகத்தை அல்ல.
உடம்பிலிருந்துதான் புட்டிக்கு வருகிறதா என்று.
தொண்ணூறு மில்லி. குறைந்தால்
மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு.

அன்றைக்கு முட்டுக்காடு தாண்டியதும்
பக்கவாட்டில் அடித்தது கடற்காற்று.
முதலாவது அத்வைத். மூன்றாவது எபனேசர்.
இரண்டாவதாக வந்தவனுக்குச் சீட்டு விழவில்லை;
அவனுக்குள் என்ன இருந்தது என்று
கடலுக்கும் தெரியாது.

அத்வைத்துக்கு உடனே வந்தது.
எபனேசருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.
குழாயைத் திறந்துவிட்டேன்,
அந்தச் சத்தத்தில் சிலருக்கு வரும்.
"மெட்ரோ லாரிக்குக் குடத்தோட நிக்கிற மாதிரி இருக்குண்ணா" என்றான்
பட்டாளத்துப் பையன்.
சிரித்துவிட்டேன்.
சிரிக்கக் கூடாது என்று விதியில் இல்லை.

இரண்டு பேருடையதும் ஒரே மஞ்சள்.
மூடி இறுகும்போது டிக் டிக்கென்று எழும் ஒலியும் ஒன்று.
பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும்.
அந்த நிமிஷம் வரை எல்லாம் நியாயமாகத்தான் நடந்தது,
எங்கு கேட்டாலும் சொல்வேன்.

ஆய்வகம் இரண்டு எண்களுக்கும்
ஒரே மருந்தின் பெயரை எழுதி அனுப்பியது.
அளவும் ஏறக்குறைய ஒன்று.
எபனேசரிடம் ஒரு துளி குறைவுகூட.

பிறகு எண்களுக்குப் பெயர் வந்தது.
பெயர்களுக்கு முகவரி வந்தது.

நீலாங்கரையிலிருந்து ஒரு புரதப் பொடி டப்பா
சோதனைக்காக விமானம் ஏறியது.
துணைக்கு, அதே தொகுதியில் மூடி திறக்காத இன்னொன்று.
பொடிக்குள் மருந்து கலந்த கதையை
உயர்நீதிமன்ற வக்கீல் ஒருவர்
நாற்பத்தோரு பக்கத்தில் எழுதினார், நன்றாகவே எழுதினார்.
அத்வைத்துக்கு ஆறு மாதம்.
அதில் நான்கு, பந்தயமே நடக்காத மாதங்கள்.

எபனேசருக்குச் சிக்குன்குனியா வந்திருந்தது.
ஓட்டேரியில் ஓர் ஊசி. சீட்டு எழுதித் தரவில்லை.
தேடிப்போனபோது கிளினிக் இருந்த இடத்தில்
செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார்கள்.
இரண்டாம் புட்டியைத் திறக்கப் பணம் கட்ட
ஏழு நாள் தவணை.
எட்டாம் நாள் அவன் ஒப்புக்கொண்டவன் ஆனான்.
விசாரணை காணொளியில், ஆங்கிலத்தில்.
நடுவே இரண்டு முறை நெட் போனது,
மிச்ச நேரமெல்லாம் யெஸ் சார்.
பதினொரு நிமிஷம்.
நாலு வருஷம்.

தெரிந்தேதான் போட்டுக்கொண்டானா அந்த ஊசியை?
எனக்குத் தெரியாது.
தெரியாமல்தான் குடித்தானா அத்வைத்?
அதுவும் தெரியாது.
நான் பார்த்தது வெளியே வந்ததை.
உள்ளே போன வழியைச் சொல்லத்தான்
காசு வேண்டியிருக்கிறது.
இரண்டு வழக்கிலும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே:
முத்திரை சரியாக இருந்ததா?
இருந்தது.

எபனேசரின் இரண்டாம் புட்டி
எங்கோ ஒரு குளிர்பெட்டியில் உறைந்து கிடக்கும்,
யாரும் கூண்டில் ஏற்றாத
முப்பது மில்லி சாட்சி.

போன ஜூனில், இரவு பத்தரைக்கு,
கொளத்தூர் வீட்டுக்குப் பரோட்டா வரவழைத்தேன்.
எபனேசர் ஒன்பது நிமிடத்தில் வருவார் என்றது செயலி.
ஏழில் வந்தான்.
அதே சைக்கிள், கைப்பிடியை மட்டும் மாற்றியிருந்தான்.
முதுகில் சதுரப் பை.
"ரெட்டேரி பாலத்துல எதிர்காத்துண்ணா,
இல்லேன்னா ஆறுதான்."

டம்ளரில் தண்ணீர் நீட்டினேன்.
டம்ளரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"வேணாண்ணா. நீங்க தண்ணி குடுத்தாலே பயமா இருக்கு."
இருவரும் சிரித்தோம்.
அவன் முதலில் நிறுத்தினான்.

கதவைச் சாத்திய பிறகும்
எபனேசரை எப்படி மதிப்பிடுகிறீர்கள் என்று
கேட்டுக்கொண்டே இருந்தது கைப்பேசி.
எதிர்காற்று என்று எழுத
அதில் இடம் இல்லை.